மணல் சங்கத்தில் வக்கீல் கேட்ட கேள்வி

நாகர்கோவிலில் மழை வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து தங்கிவிட்டுப் போகும். அப்படிப்பட்ட ஊரில், மழையே அறியாத ஒரு தேசத்தைப் படிப்பதற்கென்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு சங்கம் நடந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நான் அதன் காரியதரிசியாக இருந்தேன்.

சங்கத்தின் பெயர் நீளமானது. அதில் நடு ஆசியாவும் உண்டு, ஆராய்ச்சியும் உண்டு. திபெத்துக்கு வடக்கே ருஷியா வரைக்கும் கிடக்கிற பாலைவனம், அதற்குள் புதைந்துபோன ஊர்கள், ஒட்டகம் போன பாதைகள், கடலைப் பார்க்காமலே மணலில் காணாமல் போகும் ஆறுகள், இவைதாம் எங்களுக்குப் பாடம். எங்களில் பெரும்பாலோர் ஒட்டகத்தையே பார்த்ததில்லை. ஊர்க்காரர்களுக்கு நீளப் பெயர் வாயில் நுழையவில்லை. மணல் சங்கம் என்று வைத்துவிட்டார்கள். வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள்கூட, "என்ன டீச்சர், இன்னைக்கு மணல் சங்கமா? வெள்ளச் சேல கெட்டியிருக்கியளே" என்பாள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு மட்டும் வந்ததில்லை. எனக்கே அது பிடித்திருந்தது.

தொடங்கியவர் மிஷன் கல்லூரியில் சரித்திரம் நடத்திய ஒரு துரை. வாலிபத்தில் காஷ்மீர்ப் பக்கம் ஊழியம் செய்தபோது, வடக்கே போகிற வியாபாரிகளோடு மலை ஏறிப் பாதி வழி போயிருக்கிறார். நெஞ்சில் நோய் கண்டு திரும்பிவிட்டார். பிறகு குளிர் இல்லாத இடமாகப் பார்த்து அவரை எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். போய்ச் சேராத அந்த இடத்தை அவர் மறக்கவே இல்லை. பெட்டி பெட்டியாகப் புத்தகம் வரவழைத்தார். சுவர் முழுவதையும் மறைக்கிற தேசப்படம் ஒன்றை, துணியில் ஒட்டியதை, மிஷன் அச்சகத்தை ஒட்டிய ஒரு அறையில் மாட்டினார். பாலைவனம் அதில் நல்ல மஞ்சள். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் அந்த மஞ்சளில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தது. பாலைவனத்தில் முதல் தடவையாகப் புல் முளைக்கிறது என்று துரை சிரித்தார். அதைத் துடைப்பது காரியதரிசியின் வேலையாயிற்று.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு ஒரு படம் இரவல் கேட்டுத்தான் துரையிடம் போனேன். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்று கேட்டதும் படத்தைக் கொடுத்ததோடு என்னைச் சங்கத்திலும் சேர்த்துவிட்டார். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. என் கணவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோயிருந்தார். பிள்ளை கிடையாது. பள்ளிக்கூட வளாகத்திலேயே எனக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். போர்டிங் பிள்ளைகள் இருக்கிற வரைக்கும் ஒரே கலகலப்பு. லீவு விட்டால் கிணற்று ராட்டின் சத்தம் மட்டும் இருக்கும், அதுவும் நானே தண்ணீர் இறைத்தால்தான். டீச்சருக்குத் தனியாக இருப்பதுதான் இஷ்டம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்குத் தனியாக இருப்பது ஒருநாளும் பிடித்ததில்லை.

துரையும் நானும் போக, உறுப்பினர்கள் மூன்று பேர். வக்கீல் நாகர்கோவில் கோர்ட்டில் பேர் எடுத்தவர். எங்கே வாதம் நடந்தாலும், என்ன விஷயம் என்று விசாரிக்காமலே உள்ளே இறங்கிவிடுவார். டாக்டர் மிஷன் ஆஸ்பத்திரிக்காரர். மெல்லப் பேசுவார், நாம்தான் காதைக் கொண்டுபோக வேண்டும். மூன்றாமவர் பூதப்பாண்டியில் வயலும் தோப்பும் உள்ளவர். சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால், மடை, வண்டல் என்று எதைத் தொட்டாலும் தண்ணீரில் கொண்டுபோய் முடிப்பார். மாதத்தில் முதல் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். யாராவது ஒரு கட்டுரை வாசிப்பார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். நேந்திரங்காய் உப்பேரியும் தேயிலைத் தண்ணீரும் உண்டு. வக்கீல் உப்பேரியைக் கடிக்கிற சத்தத்தில் டாக்டரின் கேள்வி பாதி கேட்காது. நான் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன். வருஷக் கடைசியில் அது சின்னப் புத்தகமாக அச்சாகிக் கல்கத்தாவுக்கும் சீமைக்கும் இதேபோன்ற சங்கங்களுக்குப் போகும்.

துரை விதிகள் எழுதி வைத்திருந்தார். நான்கு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். கூட்டம் ஆறு மாதம் தொடர்ந்து நின்றுபோனால் அறையை அச்சகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறு சங்கங்களிலிருந்து தபாலில் வந்த கட்டுரைகளைக் காரியதரிசி வாசிக்கலாம், குறிப்பெடுக்கலாம், ஆனால் விவாதத்தில் பேசக்கூடாது. கடைசி விதி ஒன்று உண்டு. வெளியே போயிருக்கிற உறுப்பினர் தம் கேள்வியைக் காரியதரிசி மூலமாகக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் அவர் வந்திருந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகச் சுற்றுகிற மிஷன்காரர்களை நினைத்து அவர் அதை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பேசக்கூடாது என்ற விதி எனக்கு உறுத்தத்தான் செய்தது. கேள்விகள் தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். என்றாலும் நான்கு ஆண்பிள்ளைகள் ஒரு அறையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் பேச, அந்தச் சத்தத்துக்குள் நானும் இருந்தேன். மாதம் முழுவதும் அந்தச் சனிக்கிழமையை வைத்துத்தான் நான் நாட்களைத் தள்ளினேன்.

துரைக்கு நெஞ்சு நோய் திரும்ப வந்தது. சீமைக்குப் போனார். போன கொஞ்ச காலத்திலேயே இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. புத்தகங்களையும் படத்தையும் சங்கத்துக்கு விட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வரத்துக் குறைந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைகிற வயலை வைத்துக்கொண்டு பூதப்பாண்டிக்காரருக்கு நடவும் அறுப்பும் மாறி மாறி வந்தது. டாக்டருக்குக் கடற்கரை ஊர்களில் வாந்திபேதி. வக்கீலுக்கு எப்போதும் திருவனந்தபுரத்தில் ஒரு வழக்கு. எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபக்கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் வழியில் பார்க்கிறவர்களிடம், "எனக்கும் சேத்து ஜெபிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லிவிட்டால் பாதி வந்த மாதிரி. வக்கீல் சிவன்கோவிலுக்குப் போகிறவர், ஆனாலும் எங்களோடு பழகி அவருக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒருநாள் கோர்ட்டு வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இந்த மாசம் எனக்கும் சேத்து நீங்களே ஒரு கேள்வி கேட்டிருங்க டீச்சர்" என்றார்.

விதியில் இடம் இருந்தது. கேட்டேன். வக்கீல் இருந்தால் எப்படிக் கேட்பாரோ, அப்படி யோசித்து, எழுந்து நின்று கேட்டேன். அன்று டாக்டரும் பூதப்பாண்டிக்காரரும் இருந்தார்கள், சிரித்தார்கள். அடுத்து டாக்டர், "எனக்கும் சேத்து" என்றார். அதற்கடுத்து மற்றவர். ஒரு சனிக்கிழமை மூன்று பேருமே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அறையில் நானும் தேசப்படமும் மட்டும்.

பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். போய் எங்கே உட்காருவது? விளக்கை ஏற்றி, தபாலில் வந்திருந்த கட்டுரையை ஆரம்பத்திலிருந்து உரக்க வாசித்தேன். காரியதரிசி வாசிக்கலாம் என்று விதியில் இருக்கிறதே. வாசித்து முடித்து, டாக்டரின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு டாக்டரின் கேள்வியைக் கேட்டேன். பாலைவனத்து ஊர்களில் கழுத்து வீங்கும் நோய் ஏன் என்று. பிறகு பூதப்பாண்டிக்காரருக்காக, அங்கே ஆற்றில் வண்டல் எப்படிப் படியும் என்று. கட்டுரையில் தேடி நானே பதிலும் சொன்னேன். எல்லோரும் வந்திருந்ததாக எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. விதிப்படி வந்திருந்தார்கள்.

பிறகு அதுவே நடைமுறை ஆகிவிட்டது. மாதத்தில் முதல் வாரம் மூன்று பேரிடமிருந்தும் "எனக்கும் சேத்து" வந்துவிடும். நான் போய்த் திறப்பேன். படத்தைத் துடைப்பேன், புத்தகங்களில் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பேன், நாற்காலிகளை இழுத்துப் போடுவேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாக அச்சகத்துக் கம்போசிட்டர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அந்த அறையில் எனக்கு நல்ல துணை இருந்தது. காலம் போகப்போக மூன்று பேரும் நேரில் இருந்ததைவிடக் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். டாக்டர் உரக்கப் பேசினார். பூதப்பாண்டிக்காரர் வண்டலை விட்டு மேலே வந்து நட்சத்திரங்களைப் பற்றிக்கூடக் கேட்டார். வக்கீல்தான் எல்லோரையும் மிஞ்சினார். நான் வாய்விட்டுக் கேட்க முடியாததையெல்லாம் அவர் கேட்டார். அவர் கேள்வி ஒன்றுக்குப் பதில் தேடுவதற்கு எனக்கு ஒரு மாதம் முழுக்க ஓடிவிடும். சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அவரோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருப்பேன். அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், சனிக்கிழமைகளில் இருந்தேன்.

ஒரு தடவை இடம் மாறுகிற ஏரியைப் பற்றிய கட்டுரை வாசித்தேன். பாலைவனத்தின் நடுவில் ஒரு ஆறு போய்ச் சேருகிற ஏரி. ஆறு ஒரு காலத்தில் வழி மாறிவிட்டது. ஏரியும் பழைய இடத்தை விட்டுவிட்டு வேறே இடத்தில் போய்த் தேங்கிக்கொண்டது. பழைய கரையில் ஒரு ஊர், வீடுகளோடு அப்படியே கிடக்கிறது. வக்கீல் முதலில் தம் தொழிலுக்கு ஏற்றபடி கேட்டார்: ஏரி நகர்ந்துவிட்டால் வெளியே தெரிகிற தரை யாருக்குச் சொந்தம்? அதோடு விட்டிருக்கலாம். நான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வக்கீல் இன்னொன்றும் கேட்டார். தண்ணீர் போன பிறகு அந்தக் கரையில் ஜனங்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள்? எதைக் கண்டு, இனி இருந்து பயனில்லை என்று கிளம்பினார்கள்?

கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. பதில் தெரியவில்லை என்று எழுதினேன். அது அப்படியே அச்சாயிற்று.

அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது. வடக்கே இருந்து ஒரு ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். அந்தப் பாலைவனத்துக்குள்ளேயே ஒட்டகத்தோடு போய் வந்தவர். கன்னியாகுமரிக்கு வருகிறாராம், வழியில் எங்கள் கூட்டத்தில் கலந்துகொள்ள ஆசையாம். இந்தத் தேசத்தில் இவ்வளவு துடிப்பாக விவாதம் நடக்கிற சங்கம் வேறே இல்லை, அதிலும் அந்த ஏரிக் கேள்வியைக் கேட்ட வக்கீலை அவசியம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

மறுநாள் வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி, "வாங்க டீச்சர், எவ்வளவு நாளாச்சு" என்று உட்கார வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் என்ன கேட்டேன் டீச்சர்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "நல்ல கேள்வியாத்தான் கேட்டிருக்கேன்" என்றார்.

"அண்ணாச்சி, கட்டாயம் வந்திரணும்."

"வாறேன், வாறேன். ஆனா எனக்கு ஒரு கூச்சம் பாத்துக்கிடுங்க. என் கேள்விய நீங்க கேக்கிய, அது எனக்குத் தெரியும். டாக்டரும் மத்தவரும் மாசாமாசம் வந்து இருந்து என்னமெல்லாமோ கேக்காங்க. புஸ்தகத்துல பாக்கேன்லா. அவ்வளவு படிச்சவங்களுக்கு நடுவுல நான் வந்து என்னத்தச் சொல்ல? அதனாலயே வரல்ல."

நான் பேச்சை மாற்றி, பழைய புத்தகங்களைக் கையில் கொடுத்தேன். "கேஸ்கட்டுப் போல படிச்சிருதேன்" என்று வாங்கிக்கொண்டார். டாக்டரைப் பார்க்கப் போனேன். பூதப்பாண்டிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனேன். இரண்டு இடத்திலும், தம்மைத் தவிர மற்ற இரண்டு பேரையும் அவர்கள் புகழ்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

விருந்தாளி ஆடி மாதத்தில் வந்தார். திருநெல்வேலியிலிருந்து பஸ். ஆரல்வாய்மொழிக் காற்றில் தலை முழுக்கப் புழுதி. சமஸ்தான எல்லையில் உள்ள சுங்கச் சவுக்கையில் புகையிலை இருக்கிறதா என்று அவர் பெட்டியைக் கிளறி, காகிதங்களையெல்லாம் காற்றில் பறக்க விட்டிருக்கிறார்கள். அவர் கோபப்படவில்லை. ஒல்லியான மனிதர், அந்த வெக்கையிலும் கம்பளிக் கோட்டு. உள்ளே வந்ததும் நேரே தேசப்படத்துக்குப் போனார். பூஞ்சணக் கறையில் விரலை வைத்து, இந்த இடத்தில் நான் ஒரு பச்சை இலையும் பார்க்கவில்லையே என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். துரை இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று நாற்காலியிலும் மூன்று பேர். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. டாக்டர் தலைமை வகித்தார். வக்கீல் கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார். டாக்டரின் தலை நன்றாக நரைத்திருந்தது. தெருவில் பார்க்கும்போது அது என் கண்ணில் பட்டதே இல்லை. உப்பேரியை யாரும் தொடவில்லை. விருந்தாளி தாம் போன வழியைச் சொன்னார். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். கேள்வி நேரம் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் கேட்பார் என்று இருந்தார்கள்.

விருந்தாளியே வக்கீல் பக்கம் திரும்பினார். "கரையில் இருந்தவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று கேட்டீர்களே. அந்த ஊரில் நின்றபோது நானும் அதையே கேட்டுக்கொண்டேன். அங்கே நிற்கிறவனுக்குத் தோன்றுகிற கேள்வி அது. இங்கே உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

வக்கீல் எழுந்து கோட்டைச் சரிசெய்தார். ஏதோ சொல்லிச் சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கு வராத சமாளிப்பா? ஆனால் அவர் என்னைப் பார்த்தார். பிறகு நல்ல இங்கிலீஷில், "ஐயா, நான் வக்காலத்துப் போட்டவன் மட்டும்தான். கட்சிக்காரர் அதோ மூலையில் உட்கார்ந்திருக்கிறார்" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். விதிப்படி நான் பேசக்கூடாது என்று சொன்னேன். டாக்டர் வழக்கம்போல் மெல்லிய குரலில், "விதியத் தள்ளி வைங்க டீச்சரம்மா" என்றார்.

அந்த அறையில் மாதந்தோறும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தவள்தான் நான். அன்று, எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

விருந்தாளி தம் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "ஏரி போனதும் அவர்கள் கிளம்பவில்லை அம்மா. தண்ணீர் கிடந்த தரையிலேயே கிணறு தோண்டியிருக்கிறார்கள். அது வற்றியதும் இன்னும் தள்ளி இன்னொன்று. வரிசையாக இருக்கின்றன, ஒன்றைவிட ஒன்று ஆழம். கடைசிக் கிணற்றின் மரத்தில் கயிறு உராய்ந்த தடம்கூட இருக்கிறது. அதில் உப்பு ஊறுகிற வரைக்கும் இருந்திருக்கிறார்கள்."

"தண்ணீர் திரும்பி வரும் என்று நம்பினார்களா?"

"நம்பித்தான் தோண்டியிருப்பார்கள்."

"வந்ததா?"

"வந்தது. நம் காலத்தில் வந்திருக்கிறது. ஆறு பழைய வழிக்கே திரும்பி, ஏரியும் பழைய இடத்தில் தேங்குகிறது. நானே பார்த்தேன். கரையில்தான் யாரும் இல்லை."

நான் குனிந்து அதை எழுதிக்கொண்டேன். எழுதியது என்னவென்று பிறகு என்னாலேயே படிக்க முடியவில்லை.

விருந்தாளி கன்னியாகுமரிக்குப் புறப்பட்டுப் போனார். வண்டி மறைந்ததும் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. வக்கீல் மனைவி கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலத்தை அவிழ்த்தார்கள். பேச்சு பழையபடி சத்தமாயிற்று. பூதப்பாண்டிக்காரர், "டாக்டரே, நீரு மாசம் தவறாம வாறீரு. நான்தான் ஒதுங்கிட்டேன்" என்றார்.

"நானா?" டாக்டர் முந்திரிக்கொத்தைக் கீழே வைத்தார். "நான் இங்க வந்து வருசக்கணக்காச்சு. நீங்களும் வக்கீலும் வாறிய, நம்ம ஒருத்தன் இல்லாட்டா என்னன்னு நெனச்சேன்."

"நான் எங்கவே வந்தேன்?" என்றார் பூதப்பாண்டிக்காரர்.

மூன்று பேரும் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலிகளைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. இவர்கள் வராததால் இவர்களை நான் கெட்டிக்காரர்களாக எழுதினேன். கெட்டிக்காரர்களாக எழுத எழுத, அதைப் படித்துவிட்டு இவர்கள் வரப் பயந்திருக்கிறார்கள். சும்மா வெற்றுத்தாளாக விட்டிருந்தால் யாராவது ஒருவர், ஐயோ பாவம் என்றாவது வந்திருப்பார்.

வக்கீல் என் பக்கம் வந்தார். கோர்ட்டுக் குரல் இல்லை. நான் ஒருநாளும் கேட்டிராத குரல்.

"டீச்சர், இத்தன வருசமும் நீங்க இங்க ஒத்தைக்கா இருந்திய?"

"சே, இல்ல அண்ணாச்சி. ஒண்ணு ரெண்டு மாசம் அப்படி ஆகியிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேயிலைக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கழுவவேண்டிய கோப்பைகளை ரொம்ப நேரம் கழுவினேன்.

இனிமேல் தவறாமல் வருவோம் என்று மூன்று பேரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மனசாரத்தான் சொன்னார்கள். அவர்கள் நல்லவர்கள், இன்றைக்கும் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆவணி வந்தது. பூதப்பாண்டியில் கன்னிப்பூ அறுப்பு. மணக்குடிப் பக்கம் வாந்திபேதி என்று டாக்டர் போயிருந்தார். நான் நான்கு பேருக்கும் உப்பேரி வாங்கி வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீலின் குமாஸ்தா சைக்கிளில் வந்தார். வக்கீல் அவசரமாகத் திருவனந்தபுரம் போகிறார், ரொம்ப வருத்தப்பட்டார், "எனக்கும் சேத்துக் கேட்டிருங்கன்னு டீச்சர்ட்ட சொல்லிரும்" என்றாராம்.

சரி என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். கட்டுரையை எடுத்து எப்போதும்போல உரக்க வாசித்தேன். முடித்துவிட்டு டாக்டரின் நாற்காலியைப் பார்த்தேன். நரைத்த தலையோடு, முந்திரிக்கொத்தைக் கீழே வைத்த டாக்டர்தான் தெரிந்தார். அவருக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. பூதப்பாண்டிக்காரரும் அப்படியே. என் டாக்டர், என் பூதப்பாண்டிக்காரர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. நிஜமானவர்கள் ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதில் அவர்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

கடைசியாக வக்கீலின் நாற்காலிக்குத் திரும்பினேன். அவர் என்னைக் கைவிட மாட்டார் என்று நினைத்தேன். கைவிடவில்லை. கேட்டார். ஆனால் பாலைவனத்தைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ இல்லை. அந்தக் கோர்ட்டு இல்லாத குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை தடவை காத்திருந்தும் அதையேதான் கேட்டார்.

"இத்தன வருசமும் நீங்க இங்க ஒத்தைக்கா இருந்திய?"

காரியதரிசி பேசக்கூடாது என்பது விதி. அதைத் தள்ளி வைத்துவிட்டு நான் எழுந்து நின்றேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.